பேட்டரி இல்லாத ஆர்எஃப்ஐடி டேக்கில் திரிபு அளவீடு: அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக்குக்குள் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடி ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, அந்த அலையையே திருப்பியனுப்பித் தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. அதே யுஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) வகை டேக்கை ஒரு இரும்பு உத்தரத்தில் ஒட்டி, எண்ணோடு சேர்த்து அந்த உத்தரம் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பதையும், அதாவது அதன் திரிபையும் சொல்லவைக்கும் வேலையைப் பற்றியது இந்தக் குறிப்பு. செய்து பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களை அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆன்டெனாவையே சென்சாராக்குவது: அது நீண்டால் ஒத்ததிர்வு அதிர்வெண் இறங்கும், அந்த இறக்கத்தை ரீடரிலிருந்து அளக்கிறோம். இன்னொன்று, ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக்கும் சுற்று) உள்ள சென்சார் டேக் சிப்புடன் வழக்கமான ஸ்ட்ரெயின் கேஜை (நீண்டால் மின்தடை மாறும் மெல்லிய தகட்டை) இணைத்து, அளந்த எண்ணை டேக்கின் நினைவகம் வழியாக வாங்குவது. கோளாறு இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். ஆனால் வேர் ஒன்றுதான். டேக் தரும் எண்ணில் திரிபு மட்டும் இருப்பதில்லை. தூரம், பவர், வெப்பம், பசை, ஈரம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: திரிபைத் தொடாமல் வைத்துவிட்டு மற்றதை மாற்றினால் எண் மாறுகிறதா?

அதற்கு, உண்மையான திரிபு எவ்வளவு என்று தெரிந்த ஒரு மேசை அமைப்பு கட்டாயம் வேண்டும். 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள இரும்புப் பட்டையை ஒரு முனையில் இறுகப் பிடித்து, 200 மி.மீ. தள்ளி 1 கிலோ எடையைத் தொங்கவிட்டால், பிடித்த இடத்தருகே மேற்பரப்பில் ஏறக்குறைய 218 மைக்ரோ ஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 218 பங்கு மாற்றம்) வரும். ஆனால் இதில் முனையை நோக்கிப் போகப் போகத் திரிபு குறைந்துகொண்டே வரும், 9 செ.மீ. நீள டேக் அந்த நீளத்தின் சராசரியைத்தான் உணரும். முடிந்தால் நான்கு புள்ளி வளைவு அமைப்புக்குப் போங்கள். நடுப்பகுதி முழுக்க ஒரே திரிபு இருக்கும். எதில் செய்தாலும், டேக்குக்குப் பக்கத்திலேயே கம்பி இணைத்த சாதாரண ஸ்ட்ரெயின் கேஜ் ஒன்றை ஒட்டிவையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சாட்சி கிடையாது.

## காற்றில் படிக்கிறது, இரும்பில் ஒட்டியதும் படிக்கவில்லை

சாதாரண லேபிள் டேக் இருமுனை ஆன்டெனா வகை. உலோகத்தின் மேல் படுக்கவைத்தால் உலோகத்தில் எழும் எதிர் மின்னோட்டம் ஆன்டெனாவின் கதிர்வீச்சை அடித்துவிடும். சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இருந்த மின்தடைப் பொருத்தமும் கெட்டுவிடும். டேக் பழுதாகவில்லை.

எல்லோரும் உடனே செய்வது, நடுவில் ஃபோம் வைத்து டேக்கைத் தூக்குவது. படிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் ஃபோம் நெகிழ்வானது. கீழே இரும்பு நீண்டாலும் ஃபோம் தனக்குள்ளேயே சறுக்கிக்கொடுத்துவிடும், மேலே இருக்கும் ஆன்டெனாவுக்கு அந்த நீட்சி போய்ச்சேராது. படிப்பதற்குச் செய்த மருந்து அளவீட்டைக் கொன்றுவிடுகிறது.

கேஜ் வழியில் இதற்குத் தீர்வு எளிது. கேஜ் மட்டும் இரும்போடு நேரடியாக ஒட்டியிருக்கட்டும், ஆன்டெனாவும் சிப்பும் ஃபோம் மேல் நிற்கட்டும், இரண்டையும் குட்டையான மெல்லிய கம்பி இணைக்கட்டும். ஆன்டெனா வழியில் போகிறவர்கள் ஒரு மின்காப்புப் பலகையின் மேலே செம்புத் தகடும் கீழே தரைத்தளமும் உள்ள பேட்ச் ஆன்டெனாவுக்கு மாற வேண்டும். ஜார்ஜியா டெக்கில் யாங் வாங் குழுவினர் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் மடித்த பேட்ச் ஆன்டெனாவை இதற்காகவே செய்தார்கள்; மடிப்பதால் நீளம் பாதியாகிறது, உலோகம் கீழே இருப்பதும் பிரச்சினை இல்லை. பலகை முழுவதையும் பசையால் ஒட்ட வேண்டும், ஓரங்களில் மட்டும் ஒட்டினால் போதாது. பலகை தடிமனாக ஆக மேற்புறச் செம்புக்குப் போகும் திரிபு குறையும். கீழே 100 வந்தால் மேலேயும் 100 வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

## படிக்கிறது, எடை வைத்தாலும் எண் அசையவில்லை

முதலில் எவ்வளவு அசைய வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே மாதக்கணக்கில் கோளாறு தேடுகிறார்கள்.

ஆன்டெனா வழியில் அதிர்வெண் மாற்றம் ஏறக்குறைய திரிபின் விகிதத்தில்தான் இருக்கும். 1000 மைக்ரோ ஸ்ட்ரெயின் என்பது நீளத்தில் 0.1 விழுக்காடு. 866 மெகாஹெர்ட்ஸில் அது 0.87 மெகாஹெர்ட்ஸ். சாதாரணக் கட்டுமான இரும்பு 250 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்குவதாக (அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்குவதாக) வைத்தால், அதன் மொத்த எல்லையே 1250 மைக்ரோ ஸ்ட்ரெயின்தான். அதாவது, உத்தரம் நிரந்தரமாக நீளாமல் கொடுக்கக்கூடிய உச்சபட்ச செய்தி ஒரு மெகாஹெர்ட்ஸ் சொச்சம். லேபிள் டேக்கின் ஒத்ததிர்வு வளைவோ பல பத்து மெகாஹெர்ட்ஸ் அகலமானது. அவ்வளவு அகல வளைவின் உச்சி ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்ததைச் சாதாரண ரீடரால் கண்டுபிடிக்க முடியாது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்கே ஆர்எஃப்ஐடிக்கு உரிமம் இல்லாமல் கிடைப்பது 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் ஒரு சிறு துண்டு. உச்சியைத் தேட அமெரிக்காவின் 902 முதல் 928 வரையிலான பட்டையில் ரீடரை ஓடவிடலாமே என்று சிலர் பகுதி அமைப்பை மாற்றிவைக்கிறார்கள். தயவுசெய்து திறந்த வெளியில் அதைச் செய்யாதீர்கள். 890 முதல் 915 வரை இங்கே மொபைல் போன்கள் கோபுரத்தோடு பேசும் பட்டை. அகலப் பட்டையில் தேடுவதென்றால் மூடிய கவச அறைக்குள் செய்ய வேண்டும்.

திறந்த வெளியில் ஒரே அதிர்வெண்ணில்தான் அளக்க முடியும் என்றால், ஆன்டெனாவின் உச்சியை 866இல் வைக்காதீர்கள். 866 வளைவின் சரிவில் விழும்படி சற்றுத் தள்ளி வடிவமையுங்கள். உச்சியில் வளைவு தட்டையாக இருப்பதால் சிறு நகர்வு தெரியாது, சரிவில் தெரியும். இதற்குக் கொடுக்கும் விலை, படிக்கும் தூரம் கொஞ்சம் குறைவது.

கேஜ் வழியிலும் கணக்கு இதே அளவு கறாரானது. கேஜ் காரணி (திரிபைப் போல் எத்தனை மடங்கு தடை மாறும் என்பது) 2 உள்ள ஒரே கேஜைப் பிரிட்ஜில் (சிறு தடை மாற்றத்தை வோல்ட்டேஜாக்கும் நான்கு தடைச் சுற்றில்) வைத்தால், 1000 மைக்ரோ ஸ்ட்ரெயினுக்கு வோல்ட்டுக்கு 0.5 மில்லிவோல்ட் வரும். 1.8 வோல்ட் கொடுத்தால் 0.9 மில்லிவோல்ட். 1.8 வோல்ட் வீச்சுள்ள 10 பிட் ஏடிசியின் ஒரு படியே 1.76 மில்லிவோல்ட். பெருக்கி இல்லாமல் இணைத்தால் இரும்பு நெகிழும்வரை இழுத்தாலும் எண் ஒரு படி ஏறுவதே சந்தேகம். 100 மடங்கு பெருக்கினால் ஒரு படிக்கு 20 மைக்ரோ ஸ்ட்ரெயின் கிடைக்கும். அதன்பிறகுதான் மேற்கொண்டு பேச முடியும்.

இரும்பு, அலுமினியம் என்றால் கேஜ் வழி என்பதே என் பரிந்துரை. துணி, ரப்பர், உடம்பில் கட்டும் பட்டை போல நீளத்தில் பல விழுக்காடு இழுபடுகிற பொருள்களில்தான் ஆன்டெனா வழி தன் முழுப் பலத்தைக் காட்டும். பின்லாந்தின் டாம்பரேயில் லீனா உக்கோனென் குழுவினர் நெகிழும் வெள்ளி மையிலும் கடத்தும் துணியிலும் இதைத்தான் செய்தார்கள்.

கணக்கு சரியாக இருந்தும் அசையவில்லையா? பசையைப் பாருங்கள். டேக்கோடு வரும் ஸ்டிக்கர் பசையும் இரட்டைப் பக்க டேப்பும் திரிபைக் கடத்துவதற்கானவை அல்ல. எண்ணெய் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி துடைத்து, சயனோஅக்ரிலேட்டால் (சூப்பர் க்ளூ வகைப் பசை) மிக மெல்லியதாக ஒட்டுங்கள். நீண்டகாலம் வெளியில் இருக்கப்போகிறது என்றால் எபாக்ஸிதான். சயனோஅக்ரிலேட் ஈரத்தில் நாளடைவில் பிடிப்பை இழக்கும்.

## யாராவது குறுக்கே நடந்தால் எண் ஆடுகிறது

நீங்கள் ஆர்எஸ்எஸ்ஐயை வைத்துத் திரிபைக் கணக்கிடுகிறீர்கள் என்று உடனே சொல்லிவிடலாம். ஆர்எஸ்எஸ்ஐ என்பது திரும்பி வரும் அலையின் வலிமை; அது தரையிலும் சுவரிலும் ஆளிலும் பட்டு எதிரொலித்து வரும் எல்லா அலைகளின் கூட்டு. 866இல் அலைநீளம் 346 மி.மீ.; ஆள் ஒரு அடி நகர்ந்தாலே கூட்டு மாறிவிடும். ஃபேஸை (அலையின் கட்டத்தை) எடுத்தாலும் இதே கதைதான், கூடவே அரை அலைநீளத்துக்கு ஒருமுறை அதே மதிப்பு திரும்பி வரும் குழப்பமும் சேரும்.

இதைவிட நம்பகமானது விழிப்புப் பவர்: ரீடரின் பவரைக் கீழிருந்து படிப்படியாக ஏற்றி, டேக் முதன்முதலில் எந்தப் பவரில் பதில் சொல்கிறது என்று குறிப்பது. இதில் ரீடரிலிருந்து டேக்குக்குப் போகும் பாதை மட்டுமே கணக்கில் வருகிறது. அதைவிட முக்கியமாக, விழிக்கும் அந்தப் புள்ளியில் சிப்புக்குள் போகும் பவர் எப்போதும் ஒன்றே. சிப்பின் மின்தடை உள்ளே வரும் பவரைப் பொறுத்து மாறுகிற சாதனம் என்பதால், அதை ஒரே புள்ளியில் நிறுத்திவைத்து அளப்பது பெரிய லாபம். பல ரீடர்களில் பவர் படி 0.25, 0.5 அல்லது 1 டெசிபல். 1 டெசிபல் படியுள்ள ரீடரை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

விழிப்புப் பவரும் தூரத்தைப் பொறுத்தது என்பது உண்மை. அதற்காகத்தான் இரண்டாவது டேக். அளக்கும் டேக்குக்குப் பக்கத்திலேயே, அதே திசையில், திரிபு போய்ச்சேராதபடி தளர்வாகப் பொருத்திய ஒப்பீட்டு டேக் ஒன்றை வையுங்கள். இரண்டின் விழிப்புப் பவர் வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். தூரமும் கோணமும் பெருமளவு கழிந்துபோகும். மிகவும் ஒட்டிவைத்தால் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று இழுக்கும். சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, எடை இல்லாமல் ஒருமுறை சரிபாருங்கள்.

## ரீடர் பவரைக் கூட்டினால் திரிபும் கூடுகிறது

கேஜ் வழியில் அதிகம் ஏமாற்றுகிற அறிகுறி இது. எண் நிலையாக இருக்கும், எடை வைத்தால் ஒழுங்காக ஏறும், வரைபடம் அழகாக வரும். ரீடரை அரை மீட்டர் நகர்த்தினால் எல்லாம் இடம் பெயர்ந்திருக்கும். அதனால், இந்த அறிகுறி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எடையைத் தொடாமல் இரண்டு வெவ்வேறு பவரில் படித்துப் பார்க்கும் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். பிரித்தறிய ஒரு நல்ல வழி, நாணய பேட்டரி ஒன்றைத் தற்காலிகமாக டேக்கின் மின்வழங்கலில் குட்டைக் கம்பியால் இணைப்பது. பேட்டரி இணைத்ததும் எண் நிலைபெற்றுவிட்டால், கோளாறு மின்வழங்கலில். இணைத்த பிறகும் பவரோடு எண் நகர்ந்தால், ரேடியோ அலை அளவீட்டுச் சுற்றுக்குள் புகுந்திருக்கிறது.

மின்வழங்கல் என்றால், பிரிட்ஜுக்குப் போகும் வோல்ட்டேஜும் ஏடிசி ஒப்பிடும் வோல்ட்டேஜும் வேறுவேறாக இருக்கும். அறுவடை செய்த மின்சாரம் ஏறி இறங்குவது இயல்பு. பிரிட்ஜுக்கு எது போகிறதோ அதையே ஏடிசியின் ஒப்பீட்டுக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து இறங்கும், விகிதம் மாறாது. செலவே இல்லாத திருத்தம். சிப்பின் அமைப்பு இடம் கொடுத்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

அலை புகுந்திருந்தால் குற்றவாளி கேஜின் கம்பிகள். 35 மி.மீ. என்பது அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் நீளும் கம்பி தானே ஒரு ஆன்டெனா. அது பிடிக்கும் 866 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெருக்கியின் உள்ளீட்டில் இருக்கும் குறைக்கடத்திச் சந்தி நேர்மின்னோட்டமாக மாற்றிவிடும். அந்த நேர்மின்னோட்டம் திரிபு போலவே தோன்றும். கம்பியைச் சுருக்குங்கள், முறுக்குங்கள், ஒவ்வொரு உள்ளீட்டிலும் உயர் அதிர்வெண் அலையைத் தடுக்கும் ஃபெர்ரைட் பீடும் சில பத்து பைக்கோஃபாரட் கெப்பாசிட்டரும் பெருக்கிக்கு வெகு அருகில் வையுங்கள். கம்பியின் பாதை ஆன்டெனாவின் நீளத்துக்குச் செங்குத்தாக இருந்தால் பிடிப்பு குறையும்.

அதுவும் போதாவிட்டால், ரீடர் அலையை நிறுத்தியிருக்கும் சிறு இடைவெளியில், கெப்பாசிட்டரில் சேர்த்துவைத்த மின்சாரத்தைக் கொண்டு அளக்கலாம். சுற்று கொஞ்சம் சிக்கலாகும், ஆனால் அலை இல்லாத நேரத்தில் எடுத்த எண்ணில் அலையின் கறை இருக்காது.

## அளவீட்டைத் தொடங்கியதும் டேக் மாயமாகிறது

அடையாள எண்ணை மட்டும் கேட்டால் 5 மீட்டரிலும் பதில் வரும், திரிபைக் கேட்டால் 1 மீட்டரிலும் டேக் அணைந்துபோகும். இது மின்சாரக் கணக்கு.

ஆன்டெனா ஆதாயத்தையும் சேர்த்து 4 வாட் வீசும் ரீடரிலிருந்து 3 மீட்டரில், தடையில்லாத வெளியில், 2 டெசிபல் ஆதாயமுள்ள டேக் ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய அரை மில்லிவாட் கிடைக்கும். அதை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது பெரும்பகுதி போய்விடும். கையில் நிற்பது 100 மைக்ரோவாட் என்று வைத்துக்கொள்வோம். 350 ஓம் பிரிட்ஜ் 1.8 வோல்ட்டில் கேட்பதோ 9.3 மில்லிவாட். தொண்ணூறு மடங்குக்கு மேல் பற்றாக்குறை. தொடர்ந்து பிரிட்ஜை ஓட்டுவது நடக்காத காரியம்.

சொட்டும் குழாயில் குடத்தை நிரப்பி ஒரே கவிழ்ப்பில் ஊற்றுவதுபோல, கெப்பாசிட்டரில் சேர்த்து ஒரு மில்லி வினாடியில் செலவழிக்க வேண்டும். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 2.4 வோல்ட்டிலிருந்து 1.8க்கு இறங்கும்போது 12.6 மைக்ரோஜூல் தரும். அது 350 ஓம் பிரிட்ஜுக்கு ஒரு மில்லி வினாடி அளவே தாங்கும். திரும்ப நிரம்ப 100 மைக்ரோவாட்டில் சுமார் எட்டில் ஒரு வினாடி. பெரிய கெப்பாசிட்டர் போட்டால் நல்லதுதானே என்று 100 மைக்ரோஃபாரட்டுக்குத் தாவாதீர்கள்: பூஜ்யத்திலிருந்து 2.4 வோல்ட்டுக்கு அது நிரம்பவே ஏறக்குறைய 3 வினாடி ஆகும். அதுவரை டேக் ஊமை. முதலில் 1000 ஓம் கேஜுக்கு மாறுங்கள், செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பிரிட்ஜுக்கான மின்சாரத்தை அளக்கும் கணத்தில் மட்டும் இணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரீடர் பக்கமும் பார்க்க வேண்டியது உண்டு. ரீடர் அதிர்வெண் தாவும் ஒவ்வொரு முறையும் அலை ஒரு கணம் நிற்கும்; விளிம்பில் இருக்கும் டேக் அப்போது மறுபடி முதலிலிருந்து விழிக்கும். இந்த டேக்குகளும் ரீடரும் பேசிக்கொள்ளும் ஜென்2 விதிப்படி, ரீட் கட்டளைக்கு டேக் கிட்டத்தட்ட உடனே பதில் சொல்ல வேண்டும். அளந்து முடிக்க நேரம் இருக்காது. ரைட் கட்டளைக்கு 20 மில்லி வினாடி வரை அவகாசம் உண்டு, அந்த நேரம் முழுக்க ரீடர் அலையை நிறுத்தாமல் கொடுக்கும். எனவே ரைட் வழியாக அளவீட்டைத் தொடங்கி, பிறகு ரீட் வழியாக விடையை வாங்குங்கள். இன்டெல் ஆய்வகத்திலும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் உருவான விஸ்ப் டேக், எம்எஸ்பி430 மைக்ரோகன்ட்ரோலரை இதேபோல் அறுவடை மின்சாரத்தில் ஓட்டி, சென்சார் எண்ணை இபிசி எனும் அடையாள எண்ணுக்குள்ளேயே வைத்து அனுப்பியது. தனி ரீட் கட்டளையே தேவைப்படவில்லை. புதிதாகச் செய்கிறவர்கள் அந்த வடிவமைப்பைப் படித்துப் பார்ப்பது நல்லது.

டேக் பதில் சொல்கிறது, ஆனால் எப்போதாவதுதான் என்றால் ரீடரின் செஷன் அமைப்பை (ஒருமுறை எண்ணப்பட்ட டேக் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கும் என்பதை முடிவுசெய்வது) பாருங்கள். எஸ்2இல் ஒருமுறை எண்ணப்பட்ட டேக், மின்சாரம் கிடைத்துக்கொண்டிருக்கும் காலம் முழுக்க அமைதியாகவே இருக்கும். தொடர் அளவீட்டுக்கு எஸ்0.

## காலையில் ஒன்று, மதியம் ஒன்று

இரும்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். வெயிலில் 15 டிகிரி ஏறினால் 180 மைக்ரோ ஸ்ட்ரெயின். சுமையே இல்லை. கேஜ் வாங்கும்போது ஒட்டப்போகும் உலோகத்துக்கு ஏற்ற வெப்ப ஈடுசெய்த வகையைக் கேளுங்கள். இரும்புக்கான கேஜை அலுமினியத்தில் ஒட்டினால் ஈடு நடக்காது, ஏனெனில் அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பிரிட்ஜின் மறு கரத்தில், அதே உலோகத்தின் சுமையில்லாத துண்டில் ஒட்டிய இரண்டாவது கேஜை வைத்தால் இன்னும் நல்லது.

பேட்ச் ஆன்டெனாவில் விரிவைவிடப் பெரிய எதிரி பலகை. டெஃப்லான் வகைப் பலகையான ஆர்டி டுராய்டு 5880இன் மின்காப்பு மாறிலி ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 125 பங்கு குறையும். அதிர்வெண் அந்த மாறிலியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்பதால், ஒரு டிகிரிக்கு சுமார் 62 மைக்ரோ ஸ்ட்ரெயினுக்குச் சமமான பொய் நகர்வு, அதுவும் சுருங்குவதைப் போல. 10 டிகிரியில் இது 600ஐத் தாண்டும். இரும்பின் பாதி எல்லையை வெப்பம் மட்டுமே தின்றுவிடுகிறது. ஒப்பீட்டு டேக் இல்லாமல் வெளியில் இதை நம்பாதீர்கள். எடை ஏற்றாமல் ஒரு இரவும் பகலும் வெப்பத்தோடு சேர்த்துப் பதிவு செய்து, அந்தக் கோட்டைக் கழித்த பிறகே சோதனை தொடங்க வேண்டும்.

## எடையை எடுத்தாலும் பழைய இடத்துக்கு வரவில்லை

எண் மெல்ல மெல்லத் திரும்பினால் பசை அல்லது நெகிழும் பொருள் ஊர்கிறது. திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்டால் செம்பு நிரந்தரமாக நீண்டுவிட்டது அல்லது பசை ஓரத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளி மையில் ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றாக இருக்காது. துகள்களுக்கு இடையிலான தொடர்பு இழுக்கும்போது அறுந்து, விடும்போது வேறு விதமாகச் சேர்வதே காரணம். புதிதாக அச்சிட்டதை அளவீட்டுக்கு முன் பலமுறை இழுத்துவிட்டுப் பழக்குங்கள். முதல் சில சுற்றுகளின் எண்ணை வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

## மழை பெய்தால், கான்கிரீட்டில் புதைத்தால்

தண்ணீரின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 80. ஆன்டெனா மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்கூட ஒத்ததிர்வைக் கீழே இழுக்கும், அது திரிபு போலவே தெரியும். சிலிக்கோன் பூச்சைத் தடிமனாகக் கொடுத்து நீரை ஆன்டெனாவிலிருந்து தள்ளிவையுங்கள். பச்சைக் கான்கிரீட்டில் நீர் அதிகம்; அது உலர உலர அளவு நாட்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆன்டெனாவே சென்சாராக உள்ள டேக்கைப் புதைத்துவிட்டு முதல் வாரங்களில் சுருக்கத் திரிபு அளந்தேன் என்பவர் பெரும்பாலும் அளந்தது ஈரத்தைத்தான். இங்கே கேஜ் வழியே ஏற்றது. ஆன்டெனாவைக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளிலிருந்து தள்ளி மேற்பரப்புக்கு அருகில் கொண்டுவாருங்கள்.

## ஒரு டேக்கில் சரி, அதே வடிவ இன்னொன்றில் தப்பு

சிப் ஒட்டப்பட்ட இடம் நூலளவு விலகினாலே பொருத்தம் மாறும், கேஜின் தொடக்கத் தடையிலும் சிறு வேறுபாடு இருக்கும், பசைத் தடிமன் ஒவ்வொரு கைக்கும் வேறு. ஒரு டேக்கின் அளவுத்திருத்தத்தை மற்றவற்றுக்கு நகலெடுக்க முடியாது. ஒவ்வொன்றையும் ஒட்டிய பிறகு, அதே இடத்தில், சுமையில்லாத எண்ணையும் தெரிந்த ஒரு சுமையின் எண்ணையும் அப்போதைய வெப்பத்தையும் எடுங்கள். அந்த மூன்றையும் டேக்கின் பயனர் நினைவகத்திலேயே எழுதிப் பூட்டிவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் வேறொரு ரீடரோடு வந்தாலும், எண்ணோடு சேர்த்து அதைப் படிக்கும் திறவுகோலும் டேக்கிலிருந்தே அவருக்குக் கிடைக்கும்.